புட்டியில் அடைத்த மானம்

கதவு சாத்தப்படுகிறது. உள்ளே ஒருவன், கையிலே ஒரு புட்டியுடன். கழிப்பிடத் தண்ணீரிலே நீலச் சாயம் கலந்திருக்கிறது. அந்தத் தண்ணீரை மொண்டு புட்டியை நிரப்பி ஏமாற்றிவிடுவானோ என்ற ஐயம்! வெளியே இன்னொருவன் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறான். உள்ளிருந்து வரும் ஓசை இயற்கையான ஓசைதானா என்று கேட்டறிவது அவன் கடமை. அதற்கும் ஒரு சம்பளம்!

உள்ளே இருப்பவன் யார்? கள்வனா? கொலைஞனா? சிறைக்கோட்டத்துக் கைதியா? அல்ல, அல்ல. அமெரிக்க நாட்டுச் சுங்க இலாகாவின் ஊழியன். ஆண்டுகள் பல நாணயத்தோடு பணியாற்றியவன். அவன் மயங்கி விழுந்ததை எவரும் கண்டதில்லை. அவன் நா குழறியதை எவரும் கேட்டதில்லை. அவன்மீது ஒரு புகார்க் காகிதமும் இல்லை. பதவி உயர்வு கேட்டான். அவ்வளவுதான் அவன் செய்தது. கேட்டவன் கையிலே புட்டி கொடுக்கப்பட்டது. 'நீ குற்றவாளி என்று நாங்கள் சொல்லவில்லை. குற்றவாளி அல்ல என்பதை நீ காட்டு' என்றது இலாகா.

1986-ஆம் ஆண்டிலே தொடங்கிய திருவிளையாடல் இது. அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களிலே குடியரசுத் தலைவர் ரீகனும், துணைத்தலைவர் புஷ்ஷும், வெள்ளை மாளிகை அதிகாரிகள் பலரும் தாமே முன்வந்து தம் சிறுநீரைச் சோதனைக்குத் தந்தனர். நாடு பார்த்தது, ஏடுகள் எழுதின. செப்டம்பர் 15-ஆம் நாள் ஆணை பிறந்தது: மத்திய அரசின் இலாகாக்கள், பொறுப்பு மிக்க பணிகளில் இருக்கும் ஊழியர்களைச் சோதிக்க ஏற்பாடு செய்யவேண்டும் என்று. தலைவரே தந்தாரே, தொண்டன் தந்தால் தேய்ந்தா போவான் என்று கேட்டவர் உண்டு. நல்ல கேள்வி! தலைவர் மறுத்திருந்தால் மறுநாள் அவர் வீட்டு அடுப்பு எரியாமற் போயிருக்குமா? தொண்டன் மறுத்தால்? கொடை என்பது மறுக்க முடிந்தவன் தருவது. மறுக்க முடியாதவன் தருவதற்குக் கப்பம் என்று பெயர்.

போதைப்பொருளுக்குப் பரிந்து பேச வந்தோமில்லை. குடியாலும் கஞ்சாவாலும் குலைந்த குடும்பங்களை நாம் அறிவோம். தாலியை விற்றுக் குடித்தவனையும் அறிவோம், அவன் பிள்ளைகளையும் அறிவோம். எனவே, இந்தச் சோதனையை வேண்டுவோரின் வாதத்தை எள்ளி நகையாடி ஒதுக்கிவிட மாட்டோம். அதன் முழு வலிமையோடு அதை நிறுத்திப் பார்ப்போம்.

1987-ஆம் ஆண்டு சனவரி 4-ஆம் நாள். மேரிலாந்து மாநிலத்திலே சேஸ் என்ற ஊர். வாஷிங்டனிலிருந்து பாஸ்டனுக்குப் பயணிகளைச் சுமந்து, மணிக்கு நூறு மைல் வேகத்துக்கும் மேலாகப் பாய்ந்து வருகிறது ஒரு வண்டி. பக்கத்துத் தண்டவாளத்திலே மூன்று எஞ்சின்கள், சரக்குப் பெட்டி ஏதுமின்றி, ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டு வருகின்றன. நில் என்றது சைகை, எஞ்சின்கள் நிற்கவில்லை. பயணி வண்டியின் பாதையிலே போய் நின்றன. பதினாறு உயிர்கள்! எஞ்சினை ஓட்டியவரும் உடனிருந்தவரும் கஞ்சா புகைத்திருந்தனர் என்பது பிறகு வெளியாயிற்று.

இந்தப் பதினாறு பேரின் தாய்மார்களிடம் சென்று, 'அம்மையே, தொழிலாளியின் மானம் பெரிது' என்று சொல்லும் துணிவு நமக்கு உண்டா? இல்லை. சொல்லவும் கூடாது. எஞ்சினை ஓட்டுபவன் தெளிந்த கண்ணோடு இருக்கவேண்டும் என்று கேட்கப் பயணிக்கு உரிமை உண்டு. அதை மறுப்பவன் தொழிலாளியின் தோழனல்லன். தொழிலாளியும் ஒரு நாள் பயணிதான்.

ஆனால், அந்த விபத்தை இன்னும் சற்று நெருங்கிப் பார்க்கவேண்டும். எஞ்சின் அறையிலே ஓட்டுநரை எச்சரிக்க ஓர் ஊதல் உண்டு. அந்த ஊதலின் வாய் நாடாவால் ஒட்டி அடைக்கப்பட்டிருந்தது! சைகையை மீறினால் வண்டியைத் தானே பிடித்து நிறுத்தும் பொறி ஒன்றும் அக்காலத்தில் இருந்தது. பயணி வண்டிகளுக்கு அது உண்டு. அந்த மூன்று எஞ்சின்களுக்கு இல்லை. பொறி இருந்திருந்தால்? ஓட்டுநர் கஞ்சா புகைத்திருந்தாலும் சரி, கண் அயர்ந்திருந்தாலும் சரி, மார்வலி கண்டு சாய்ந்திருந்தாலும் சரி, அது காரணம் கேட்டிராது, வண்டியை நிறுத்தியிருக்கும். விபத்துக்குப் பின் ஊழியரைச் சோதிக்கும் விதியோ 1985-லேயே இயற்றப்பட்டுவிட்டது. விதி யார் புகைத்தார் என்று சொல்லிற்று. பொறி பதினாறு பேரை வீடு சேர்த்திருக்கும். விதிக்கு ஒரு புட்டி போதும். பொறிக்குப் பணம் வேண்டும். புட்டியைப் பற்றி நாடெங்கும் பேச்சு எழுந்ததும், பொறியைப் பற்றி வல்லுநர் அறிக்கையோடு பேச்சு நின்றதும் வியப்பில்லை. (அந்த வழித்தடத்து எஞ்சின்களுக்குப் பொறி பிறகு கட்டாயமாக்கப்பட்டது என்பதையும் சொல்லிவிடவேண்டும்.)

இனி, அந்தப் புட்டி என்ன சொல்கிறது என்று கேட்போம். இங்கேதான் வழக்கின் உயிர்நாடி இருக்கிறது.

தொழிலாளி இந்த நேரத்திலே மயக்கத்தில் இருக்கிறானா, இல்லையா? இதுவன்றோ நமக்குத் தெரியவேண்டியது! சிறுநீர் அதைச் சொல்வதில்லை. கஞ்சா உடலிலே சிதைந்து மிஞ்சும் எச்சத்தை, மயக்கம் தராத வெறும் எச்சத்தை, அது காட்டுகிறது. எப்போதோ ஒரு முறை புகைத்தவனிடம் அந்த எச்சம் சில நாள் தங்கும். நாள்தோறும் புகைப்பவனிடம் வாரக்கணக்கில் தங்கும். கோகெய்னின் எச்சம் இரண்டு மூன்று நாள். மதுவோ சில மணி நேரத்தில் உடலைவிட்டுப் போய்விடுகிறது. சனிக்கிழமை இரவு நண்பன் வீட்டிலே ஒரு முறை கஞ்சாவைப் புகைத்துவிட்டுத் திங்கட்கிழமை தெளிந்த தலையோடு வேலைக்கு வருபவன் பிடிபடுகிறான். இரவெல்லாம் குடித்துவிட்டு, மறுநாள் நடுங்கும் கையோடும் இடிக்கும் தலையோடும் வருபவன் தப்பிவிடுகிறான்! 1986-ஆம் ஆண்டு ஆணையோ சட்டம் தடுத்த போதைப்பொருளைப் பற்றித்தான் பேசிற்று. மதுவைப் பற்றி அன்று. சாராயக் கடை சட்டப்படி நடக்கிறதல்லவா!

மூச்சை ஊதச் சொல்லி மதுவை அளக்கும் கருவி இருக்கிறதே, அதன்மீது நமக்கு இத்துணைக் குறையில்லை. அது இந்த வேளையைப் பற்றிப் பேசுகிறது. விமானம் ஏறுமுன் ஓட்டி ஊதட்டும்; பேருந்தை எடுக்குமுன் ஓட்டுநர் ஊதட்டும். சிறுநீர்ச் சோதனை இந்த வேளையைப் பற்றிப் பேசுவதில்லை. போன வாரத்தைப் பற்றிப் பேசுகிறது. போன வாரத்துச் சனிக்கிழமை யாருடையது? எட்டு மணி நேரத்துக்குக் கூலி கொடுத்தவர், மீதிப் பதினாறு மணி நேரத்தையும் வேவு பார்க்கிறார். கூலி மட்டும் எட்டு மணிக்குத்தான்.

தூக்கத்தைக் காட்டும் புட்டி உண்டா? பதினாறு மணி நேரம் தொடர்ந்து சக்கரத்தைப் பிடித்தவனின் சிறுநீர் பளிங்குபோலத் தூய்மையாக இருக்கும். சோதனைச்சாலை அவனுக்கு நற்சான்று வழங்கும். நற்சான்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே அவன் உறங்கிப்போவான். வண்டி பள்ளத்தில் இறங்கும். 1989-ஆம் ஆண்டு மார்ச்சு 24-ஆம் நாள் அலாஸ்காக் கடலிலே எக்ஸான் வால்டீஸ் என்ற எண்ணெய்க் கப்பல் பாறையில் மோதி, ஒரு கோடி காலனுக்கும் மேற்பட்ட எண்ணெயைக் கடலிலே கொட்டிற்று. தலைவன் குடித்திருந்தான் என்ற பேச்சே உலகெங்கும் பரவிற்று. ஆராய்ந்த போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் குடியைச் சொன்னது, அதோடு நிற்கவில்லை. கப்பலைச் செலுத்திய மூன்றாம் அதிகாரியின் களைப்பையும், அளவுக்கு மீறிய வேலையையும், ஓய்வு பெற்ற ஆட்களைப் போதிய அளவில் தராத கம்பெனியின் குறையையும் சேர்த்தே சொன்னது. குடி தொழிலாளியின் குற்றம். களைப்பு யார் குற்றம்? முன்னதைக் கண்டுபிடிக்க ஒரு தொழிலே வளர்ந்துவிட்டது. பின்னதைக் கண்டுபிடிக்க எவரும் புட்டி செய்யவில்லை. அந்தக் கம்பெனி பிறகு வகுத்த கொள்கை என்ன தெரியுமா? போதைப் பழக்கத்துக்காக எப்போதாவது சிகிச்சை பெற்றவர்க்கு ஆபத்தான பணிகளில் இடமில்லை என்பது! மருத்துவனைத் தேடிப் போனவன் தண்டிக்கப்பட்டால், அடுத்தவன் போவானா? மறைப்பான்.

சோதனையிலே பிழை நேர்வதில்லையா என்று கேட்கலாம். நேரும். நம் வீட்டுக் குருமாவிலே கசகசாவை அரைத்து ஊற்றுகிறோம். அமெரிக்கர் ரொட்டியின்மேல் தூவித் தின்கிறார்கள். கசகசா, அபின் தரும் செடியின் விதை. ரொட்டி தின்றவனின் சிறுநீரிலே அபினின் சாயல் தெரிந்தது! குற்றமற்ற பலர் சிக்கினர். 1998-ஆம் ஆண்டிலே அந்த அரசு, ஒரு மில்லி லிட்டருக்கு 300 நானோகிராம் என்றிருந்த எல்லையை 2000 என்று உயர்த்திற்று. ரொட்டிக்கு விடுதலை கிடைத்தது. அதற்குமுன் வேலை இழந்தவனுக்கு?

சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். ஆயிரம் பேர் வேலை செய்கிறார்கள். அவர்களிலே உண்மையில் பயன்படுத்துவோர் பத்துப் பேர் என்று கொள்வோம். முதற் சோதனை நூற்றுக்கு ஒரு முறை மட்டுமே குற்றமற்றவனைக் குற்றவாளி என்று சொல்லும் என்றும் கொள்வோம். பத்துக் குற்றவாளிகளும் பிடிபடுவார்கள். அவர்களோடு குற்றமற்ற பத்துப் பேரும் பிடிபடுவார்கள்! கூண்டிலே நிற்பவரில் சரிபாதி நிரபராதிகள். இதற்காகத்தான் இரண்டாம் முறை நுட்பமான கருவியால் சோதிக்கவேண்டும், மருத்துவர் ஒருவர் முடிவை ஆராயவேண்டும் என்று மத்திய அரசின் விதிகள் சொல்கின்றன. நல்ல விதிகள். அவற்றுக்குக் கட்டுப்படாத தனி முதலாளி மலிவான முதற் சோதனையோடு நிறுத்திக்கொண்டால் தடுப்பார் யார்? மருத்துவரிடம் விளக்கம் சொல்லும்போது, தான் உண்ணும் மருந்துகளையெல்லாம் சொல்லியாகவேண்டும். வலிப்பு நோயா, மனநோயா, மனைவிக்கும் சொல்லாது மறைத்த நோயா, எல்லாம் வெளியே வரும்.

நிறத்தின் கதையும் இதிலே உண்டு. பாஸ்டன் நகரக் காவல்துறை 1999-ஆம் ஆண்டு முதல் சிறுநீருக்குப் பதில் தலைமயிரைச் சோதித்தது. நீக்ரோ என்று இழித்துரைக்கப்பட்ட இனத்தைச் சேர்ந்த காவலர்கள் வெள்ளையரைவிடப் பன்மடங்கு விகிதத்தில் தோற்றனர். கறுத்த மயிரிலே கோகெய்ன் எளிதிற் பற்றும், கையால் தொட்ட தூசும் ஒட்டும் என்பது அவர்கள் வாதம். வழக்கு 2005-இல் எழுந்தது. வேறுபாடு தற்செயலானதன்று, புள்ளிவிவரம் அதைக் காட்டுகிறது என்று 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிற்று. 2023-இல் நகராட்சி 26 இலட்சம் டாலர் தந்து வழக்கை முடித்துக்கொண்டது. நம் புலவர்கள் கருங்கூந்தலைப் பாடிப் பாடிச் சலித்தார்கள். அது ஒருவன் வேலைக்கே உலைவைக்கும் என்று அவர்கள் கனவிலும் கண்டிரார்.

"இத்தனை பேச்சு எதற்கு? விருப்பமிருந்தால் சேரட்டும், இல்லையேல் வேறிடம் போகட்டும். யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லையே!" என்பார் முதலாளி. பழைய பாட்டு இது! இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே அமெரிக்க முதலாளிகள், 'சங்கத்தில் சேரமாட்டேன்' என்று எழுதிக் கையொப்பமிட்டால்தான் வேலை என்றார்கள். மஞ்சள் நாய் ஒப்பந்தம் என்று தொழிலாளர் அதற்குப் பெயரிட்டனர். அதைத் தடுத்த கான்சஸ் மாநிலச் சட்டத்தை, ஒப்பந்த உரிமையைப் பறிக்கிறது என்று சொல்லி 1915-இல் உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பசித்தவனின் கையொப்பத்துக்கு விருப்பம் என்று பெயர் சூட்டியவர் அன்றும் நீதிபதிகள்தாம். 1932-இல் நாரிஸ்-லாகார்டியா சட்டம் வந்தபின்தான் அந்த நாய் செத்தது.

அதே காலத்திலே ஹென்றி போர்டு என்ன செய்தார்? 1914-இல் நாளொன்றுக்கு ஐந்து டாலர் கூலி அறிவித்தார். உலகமே கைதட்டிற்று. அந்தக் கூலியை முழுதும் பெற, தொழிலாளி ஒழுக்கமாக வாழவேண்டும் என்றார். ஒழுக்கத்தை அளக்கச் சமூகவியல் இலாகா என்று ஒன்றை அமைத்தார். அதன் ஆட்கள் வீடுவீடாகச் சென்றார்கள். குடிக்கிறானா, சேமிக்கிறானா, வீடு தூய்மையா, மனைவி மணமுடித்தவள்தானா என்று குறிப்பேட்டிலே எழுதினார்கள். அந்த இலாகா சில ஆண்டுகளில் மங்கி மறைந்தது. வீட்டு வாயிலில் வந்து நின்றவனையாவது தொழிலாளி கண்ணால் பார்த்தான். புட்டியிலே போகும் ஒற்றனை அவன் பார்க்கவும் முடிவதில்லை.

உச்சநீதிமன்றத்துக்கு வருவோம். 1989 மார்ச்சு 21-ஆம் நாள், ஒரே நாளில் இரு தீர்ப்புகள். ரயில்வே ஊழியரைச் சோதிக்கலாம் என்று ஒன்று. ஏழு நீதிபதிகள் ஆம் என்றனர், இருவர் மறுத்தனர். மறுத்தவருள் ஒருவர் தர்குட் மார்ஷல், அந்த மன்றத்திலே அமர்ந்த முதல் கறுப்பின நீதிபதி. அவசரம், ஆபத்து என்ற கூக்குரலிடையேதான் உரிமைகள் பறிபோயின என்று வரலாற்றைச் சுட்டிக்காட்டினார் அவர். மற்றது சுங்க இலாகா வழக்கு. ஐவர் ஒரு பக்கம், நால்வர் மறுபக்கம். போதைப்பொருளைப் பிடிக்கும் பணிக்கோ, துப்பாக்கி ஏந்தும் பணிக்கோ உயர்வு கேட்பவரைச் சோதிக்கலாம் என்று முடிவாயிற்று. அங்கே ஒரு விந்தை: ரயில்வே வழக்கிலே அரசின் பக்கம் நின்ற ஸ்கேலியா, பழமைவாதி என்று பெயர் பெற்றவர், சுங்க வழக்கிலே சீறி எழுந்தார். ரயிலிலே விபத்து நடந்ததற்குச் சான்று இருந்தது. இங்கே சான்று எங்கே? போதைக்கு எதிரி நாங்கள் என்று ஊருக்குக் காட்டும் அடையாளத்துக்காக ஊழியனின் மானத்தைப் பலியிடுவதா என்பது அவர் கேள்வியின் சாரம். 3,600 பேரைச் சோதித்தார்கள். சிக்கியவர் ஐந்து பேர்! மீதி மூவாயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூற்றைந்து பேரின் நாணத்துக்கு எந்தக் கணக்கிலே வரவு வைப்பது?

அமெரிக்கருக்கு இந்தச் சோதனையை எதிர்க்கும் உரிமை எங்கிருந்து வந்தது என்பதையும் நினைக்கவேண்டும். 1761-இல் பாஸ்டன் நகரிலே, பிரிட்டிஷ் சுங்க அதிகாரிகள் பொதுவாரண்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, எவர் வீட்டிலும், எந்த ஐயத்துக்கும் சான்றின்றி நுழையலாம் என்றிருந்தது. அதை எதிர்த்து ஜேம்ஸ் ஓடிஸ் என்ற வழக்கறிஞர் முழங்கினார். அந்த முழக்கத்தின் வித்து 1791-இல் அரசியல் சட்டத்தின் நான்காம் திருத்தமாக முளைத்தது. அன்று சுங்க அதிகாரி சோதித்தான், குடிமகன் சோதிக்கப்பட்டான். 1986-இல் சுங்க அதிகாரியே சோதிக்கப்பட்டான்! அந்தத் திருத்தமும் அரசின் கையைத்தான் கட்டுகிறது. தனி முதலாளியின் கையைக் கட்டுவதில்லை.

இப்போது 1997-க்கு வாருங்கள். ஜார்ஜியா மாநிலச் சட்டம், மாநிலப் பதவிகளுக்குப் போட்டியிடும் வேட்பாளர்களும் சிறுநீர்ச் சோதனைச் சான்று தரவேண்டும் என்றது. வேட்பாளர் சிலர் வழக்காடினர். உச்சநீதிமன்றம் எட்டு பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் அச்சட்டத்தை வீழ்த்திற்று. போதைப் பழக்கம் பதவியாளரிடையே இருப்பதற்குச் சான்றில்லை. வெறும் அடையாளத்துக்காக அந்தரங்கத்தைக் குலைக்கலாகாது. வேட்பாளர் எந்நேரமும் மக்கள் கண்முன் இருப்பவர் என்றார்கள். அருமையான தீர்ப்பு! ஒவ்வொரு சொல்லையும் ஏற்கிறோம். ஏற்றுக்கொண்டு ஒன்று கேட்கிறோம்: எட்டு மணி நேரமும் மேற்பார்வையாளன் கண்முன் நிற்கும் தொழிலாளி எந்தத் திரைக்குப் பின்னால் இருக்கிறான்? சுங்க ஊழியனுக்குப் பொருந்தாத சான்று விதி, சட்டமன்றத்துக்குப் போகிறவனுக்கு மட்டும் பொருந்துவானேன்? ஒரு சுங்க ஊழியன் மயங்கினால் ஒரு மூட்டை தப்பும். ஆளுநர் மயங்கினால் ஒரு மாநிலம் தள்ளாடும்!

அப்படியானால் சோதனையே கூடாதா? கூடும். கண் சிவந்து, கால் தடுமாறி வருபவனை நிறுத்திச் சோதிக்கலாம்; காரணத்தை எழுதி வைத்துவிட்டுச் சோதிக்கலாம். விபத்து நேர்ந்தபின் சோதிக்கலாம்; அப்போது ஓட்டியவனோடு பணி நேரப் பட்டியலைப் போட்டவனின் ஏட்டையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். பலர் உயிர் ஒருவன் கையில் இருக்கும் இடத்திலே, அவன் கையும் கண்ணும் இந்த வேளையில் தெளிவாயிருக்கிறதா என்று பணி தொடங்குமுன் சோதிக்கலாம்; தூக்கம் குறைந்தவனும் அதில் தெரிவான், அவனை வீட்டுக்கு அனுப்பிக் கூலியும் தரவேண்டும். பிடிபட்டவனுக்கு முதலில் மருத்துவன், பிறகுதான் ஒழுங்கு நடவடிக்கை. தட்டச்சு அடிப்பவனுக்கும் கணக்கு எழுதுபவனுக்கும் எதற்குப் புட்டி என்பதை எவரும் இதுவரை நமக்குச் சொல்லவில்லை.

காற்று கொஞ்சம் மாறித்தான் வீசுகிறது. 2020-இல் நெவாடா மாநிலமும் நியூயார்க்கு நகரமும், வேலைக்கு எடுக்குமுன் கஞ்சா எச்சத்தைக் காட்டி ஆளை ஒதுக்குவதற்குத் தடை விதித்தன. சில பணிகளுக்கு விலக்கு வைத்தன. 2024 சனவரி முதல் நாளிலிருந்து கலிபோர்னியா மாநிலத்திலே, மயக்கம் தராத கஞ்சா எச்சத்தை மட்டும் வைத்து ஊழியனைத் தண்டிக்கக்கூடாது. பணி நேரத்துக்கும் பணியிடத்துக்கும் வெளியே அவன் செய்ததைக் கொண்டு வேலையைப் பறிக்கக்கூடாது. போன வாரத்துச் சனிக்கிழமை தொழிலாளிக்குத் திரும்பக் கிடைத்தது. ஆனால் கட்டடத் தொழிலாளிக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. காரணம் கேட்டால், சாரத்தின்மேல் நிற்பவன், கால் தவறினால் சாவு என்பார்கள். மெய்தான். அப்படியானால், அந்தச் சாரத்தின் கயிற்றைக் கடைசியாகச் சோதித்தது யார், எந்த நாளில், அன்று அவன் எத்தனை மணி நேரம் வேலை செய்திருந்தான் என்பதையும் அதே ஏட்டில், அதே பக்கத்தில் எழுதச் சொல்வோம்.